அமெரிக்க விவசாயத் தம்பதியின் வம்ச வரலாற்றைத் தேடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெண் கொடுத்தும் பெண் எடுத்தும் அமெரிக்கக் குடும்பங்களோடு சம்பந்தம் வைத்த தமிழ்க் குடும்பங்கள் இன்று நிறைய. பேரப்பிள்ளைகளுக்கு வம்ச மரம் எழுத உட்கார்ந்தால் நம் பக்கம் நமக்கே தெரியும். மற்றப் பக்கம் பல நேரம் மூன்று, நான்கு தலைமுறைக்குள் ஏதோ ஒரு கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), ஒரு பண்ணையில் போய் நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் திரும்பத் திரும்ப எழும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். உதாரணங்களுக்குப் பெரும்பாலும் நெப்ராஸ்கா மாநிலத்தை எடுத்துக்கொண்டோம். முறை மற்ற மாநிலங்களுக்கும் பொருந்தும். பொருந்தாத இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

எங்கிட்ட இருக்கிறது ரெண்டு பேரு, அப்புறம் "நெப்ராஸ்கா"ங்கிற ஒரு சொல்லு. எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

கடைசியிலிருந்து. எங்கே பிறந்தார்கள் என்று தேடாமல், எங்கே இறந்தார்கள் என்று தேடுங்கள். இறப்புச் சான்றிதழ், உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த மரணச் செய்தி, கல்லறைக் கல் ஆகிய மூன்றில் ஒன்று கிடைத்தாலும் கவுண்டியின் பெயர் தெரிந்துவிடும். அமெரிக்கக் கிராமத்தில் திருமணப் பதிவு, நிலப் பத்திரம், உயில் எல்லாம் பெரும்பாலும் கவுண்டி அலுவலகத்தில்தான் இருக்கும். ஊர்ப் பெயர் தெரிந்து கவுண்டி தெரியாவிட்டால் ஒன்றும் நகராது.

கவுண்டி தெரிந்ததும் 1950 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் (சென்சஸ்) தொடங்கிப் பத்துப் பத்து ஆண்டாகப் பின்னோக்கிப் போங்கள். ஒரு படி கிடைக்கவில்லை என்று தாண்டிக் குதிக்காதீர்கள். அதே பெயருள்ள வேறொரு குடும்பத்துக்குள் நுழைந்துவிடும் தவறு பெரும்பாலும் அந்தத் தாண்டலில்தான் நடக்கிறது.

சென்சஸ்ல எல்லாமே இருக்குமாமே?

இருக்கும். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு கேள்விகள் வேறு. 1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. 1850இல்தான் அடிமையாக இல்லாத ஒவ்வொருவரின் பெயரும் எழுதப்பட்டது. குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்பது 1880இல் வந்தது. அதற்கு முந்தைய பட்டியல்களில் ஒரே வீட்டில் இருக்கும் பெண்ணை மனைவி என்றும் சிறுவனை மகன் என்றும் நாமாக முடிவுகட்டக் கூடாது. தங்கையாகவோ கூலிக்கு வந்த பையனாகவோ இருக்கலாம்.

விவசாயக் குடும்பத்துக்குப் பொன்னான ஆண்டு 1900. பிறந்த மாதமும் ஆண்டும், திருமணமாகி எத்தனை ஆண்டு, தாய் பெற்ற பிள்ளைகள் எத்தனை, அதில் உயிரோடு இருப்பவர் எத்தனை, எந்த ஆண்டு அமெரிக்கா வந்தார்கள், நிலம் சொந்தமா குத்தகையா, அடமானம் உண்டா என்று ஒரே வரியில் எல்லாம் கிடைக்கும்.

1890 கணக்கெடுப்பில் பெரும்பகுதி 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் நாசமாகி, மிச்சமும் பின்னர் அழிக்கப்பட்டது. அதனால் 1880க்கும் 1900க்கும் நடுவே இருபது ஆண்டு இடைவெளி. கணக்கெடுப்பு விவரங்கள் 72 ஆண்டுகளுக்குப் பிறகே வெளியாகும். 1950க்கானவை 2022 ஏப்ரலில் வந்தன. 1960க்கு 2032 வரை காத்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு சென்சஸ்லயும் வயசு மாறுது, பொறந்த நாடு கூட மாறுது. எதை நம்புறது?

வயதில் இரண்டு, மூன்று ஆண்டு முன்பின் இருப்பது சகஜம். வீட்டில் ஆள் இல்லையென்றால் பக்கத்துப் பண்ணைக்காரரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். 1940 பட்டியலில் மட்டும், பதில் சொன்னவர் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி இருக்கும். சொன்னது மனைவியா, மகனா, வேற்றாளா என்று பார்த்து அதற்கேற்ப நம்புங்கள்.

பிறந்த நாடு 1870இல் பிரஷ்யா, 1880இல் ஜெர்மனி என்று இருந்தால் முரண்பாடே இல்லை. ஜெர்மனி ஒரே நாடானது 1871இல். எந்தத் தேதியை வைத்துக் கணக்கெடுத்தார்கள் என்பதையும் கவனியுங்கள். 1900இல் ஜூன் 1, 1910இல் ஏப்ரல் 15, 1920இல் ஜனவரி 1. பிப்ரவரியிலோ மார்ச்சிலோ பிறந்தவருக்கு 1910இலிருந்து 1920க்குள் ஒன்பது வயதுதான் கூடும்.

எவ்வளவு நிலம், எத்தனை மாடு, என்ன விளைஞ்சதுன்னு தெரிஞ்சுக்க முடியுமா?

1850 முதல் 1880 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளுக்கு முடியும். மக்கள் பட்டியலோடு வேளாண்மைக்குத் தனிப் பட்டியல் எடுத்தார்கள். உழுத நிலம், உழாத நிலம், பண்ணையின் மதிப்பு, குதிரை, கோவேறு கழுதை, கறவை மாடு, உழவு மாடு, பன்றி, எத்தனை புஷல் (தானிய அளவை) கோதுமை, எத்தனை புஷல் மக்காச்சோளம், எத்தனை பவுண்டு வெண்ணெய் என்று நீளும். வெண்ணெய்க் கணக்கைத் தவறாமல் பாருங்கள். வெண்ணெய் கடைவது பெரும்பாலும் பெண்களின் வேலை. அந்தக் காலத்து அரசுப் பதிவுகளில் மனைவியின் உழைப்பு எண்ணாகத் தெரியும் இடங்கள் மிகக் குறைவு.

மிகச் சிறிய பண்ணைகள் இதில் வராது. 1850இல் ஆண்டுக்கு 100 டாலருக்காவது விளைச்சல் இருந்தால்தான் சேர்த்தார்கள். பட்டியலில் இல்லை என்றால் விவசாயியே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1890, 1900, 1910 வேளாண் பட்டியல்கள் இன்று இல்லை.

பத்திரத்துல S½ NW¼ Sec. 26ன்னு என்னமோ போட்டிருக்கு. இதை எப்படிப் படிக்கிறது?

இந்தத் தேடலில் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரே விஷயம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வோம். பெயரின் எழுத்து மாறும், வயது மாறும், நிலத்தின் முகவரி மாறாது.

மேற்கு, மத்திய மாநிலங்களை ஆறு மைல் சதுரங்களாக அளந்தார்கள். ஒரு சதுரம் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 செக்ஷன்கள், ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். எண் 1 வடகிழக்கில், நம் ஈசானிய மூலையில் தொடங்கும். மேற்கே 6 வரை போய், அடுத்த வரிசையில் 7 முதல் 12 வரை கிழக்கே திரும்பும். ஏர் ஒரு சால் போய் மறு சால் திரும்புவதுபோல 36 வரை இப்படியே. செக்ஷனில் கால் பங்கு 160 ஏக்கர், அதிலும் கால் பங்கு 40 ஏக்கர்.

குடியேறிப் பயிர் செய்வோருக்கு அரசு நிலம் தந்த ஹோம்ஸ்டெட் சட்டத்தின் கீழ் முதல் விண்ணப்பதாரர் என்று பெயர் பெற்ற டேனியல் ஃப்ரீமன், நெப்ராஸ்காவில் பியாட்ரிஸ் ஊருக்கு அருகே எடுத்த நிலத்தைப் பாருங்கள். டவுன்ஷிப் 4 வடக்கு, ரேஞ்ச் 5 கிழக்கு (இந்த இரண்டும் எந்தச் சதுரம் என்று காட்டும் எண்கள்), செக்ஷன் 26. அதில் வடமேற்குக் காலின் தென்பாதி (S½ NW¼) 80 ஏக்கர், வடமேற்குக் காலின் வடகிழக்குக் கால் 40 ஏக்கர், வடகிழக்குக் காலின் தென்மேற்குக் கால் 40 ஏக்கர். எப்போதும் பின்னாலிருந்து முன்னால் படியுங்கள்: முதலில் செக்ஷன், பிறகு பெரிய கால், கடைசியில் அதன் துண்டு. கூட்டினால் 160. கட்டம் போட்டு வரைந்தால் மூன்று நாற்பதுகள் ஒரே வரிசையில் நிற்கும், நடுவில் இருப்பதன் தலைமேல் நான்காவது உட்காரும். ஏன் சதுரமாக எடுக்கவில்லை என்று யோசித்தால் அந்த நிலத்தின் ஊடே ஓடும் கப் கிரீக் ஓடை கண்ணில் படும். உங்கள் தம்பதியின் நிலத்தையும் இப்படி ஒரு தாளில் வரைந்துவிடுங்கள்.

கிழக்கே பழைய பதின்மூன்று மாநிலங்களிலும் கென்டகி, டென்னசி, டெக்சஸ் போன்றவற்றிலும் இந்தக் கட்டமுறை கிடையாது. அங்கே "ஓக் மரத்திலிருந்து ஓடை வரை" என்கிற மாதிரி எல்லை எழுதுவார்கள். அந்தப் பத்திரங்களில் எல்லையாக வரும் அக்கம்பக்கத்தார் பெயர்களை ஒன்றுவிடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

ஹோம்ஸ்டெட் ஃபைல்னு சொல்றாங்களே, அதுல என்ன இருக்கும்? எப்படி வாங்குறது?

ஹோம்ஸ்டெட் சட்டத்தில் லிங்கன் 1862 மே 20 அன்று கையெழுத்திட்டார். 1863 ஜனவரி 1 முதல் நடைமுறை. 21 வயது நிரம்பியவர் அல்லது குடும்பத் தலைவர், குடிமகனாகவோ குடிமகனாக விருப்பம் தெரிவித்தவராகவோ இருந்தால் 160 ஏக்கர் வரை கேட்க முடிந்தது. ஐந்து ஆண்டு அங்கேயே குடியிருந்து பயிர் செய்ததை இரண்டு சாட்சிகளோடு நிரூபித்தால் நிலம் சொந்தம். கட்டணமாக மொத்தம் 18 டாலர். 1912இல் ஐந்து ஆண்டை மூன்றாகக் குறைத்தார்கள்.

கோப்பில் விண்ணப்பம், சாட்சிகளின் வாக்குமூலம், வெளிநாட்டில் பிறந்தவரானால் குடியுரிமைத் தாளின் நகல் இருக்கும். ஃப்ரீமனுக்காகச் சாட்சிகள் சொன்னதைக் கேளுங்கள்: பாதி மரக்கட்டை, பாதி சட்டம் அடித்த வீடு, 14க்கு 20 அடி, ஒரு தளம், இரண்டு கதவு, இரண்டு சன்னல், பலகைத் தரை. உழுது வேலியிட்டுப் பயிரிட்டது சுமார் 35 ஏக்கர். தொழுவம், 100 அடி நீள ஆட்டுக்கொட்டகை, மக்காச்சோளக் குதிர், 40 ஆப்பிள் மரம், சுமார் 400 பீச் மரம். புகைப்படமே இல்லாத குடும்பத்துக்கும் இப்படி ஒரு வீடு கண்முன் வந்து நிற்கும். அதே வாக்குமூலத்தில் அவர் "மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கொண்ட குடும்பத் தலைவர்". மனைவியின் பெயர் அதில் இல்லை. அதற்கான வழியைக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

வாங்கும் முறை இரண்டு படி. முதலில் நில மேலாண்மைப் பணியகத்தின் பொது நில அலுவலகப் பதிவுகள் இணையதளத்தில் மாநிலம், பெயர் கொடுத்துத் தேடினால், அரசு முதன்முதலில் நிலத்தைத் தந்த பத்திரமான பேட்டன்ட்டின் படம் இலவசமாகக் கிடைக்கும். அதிலிருந்து பத்திர எண், நில அலுவலகத்தின் பெயர், நில விவரம் மூன்றையும் எழுதிக்கொண்டு, தேசிய ஆவணக்காப்பகத்துக்கு 84ஆம் எண் படிவத்தில் விண்ணப்பியுங்கள். பேட்டன்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு நின்றுவிடுவது பலர் செய்யும் தவறு. அது ஒற்றைத் தாள், கதை முழுக்கக் கோப்பில்தான். நெப்ராஸ்காவின் கோப்புகள் எண்ணிமமாக்கப்பட்டுவிட்டதால் அவற்றை இணையத்திலேயே பார்க்கலாம்.

பேட்டன்ட் தேடினேன், பேரே வரல. அப்போ அவங்களுக்கு நிலமே இல்லையா?

பல காரணம் இருக்கலாம். வறட்சியிலும் வெட்டுக்கிளியிலும் நொந்து பாதியில் விட்டுப் போனவர்களுக்குப் பேட்டன்ட் இருக்காது, ஆனால் ரத்தான கோப்பு இருக்கலாம். அதை டிராக்ட் புக் என்னும் நிலப் பேரேட்டில் செக்ஷன் வாரியாகத் தேட வேண்டும். ஃபேமிலிசெர்ச் என்னும் வம்ச வரலாற்று இணையதளத்தில் இவை உள்ளன. பெயர் அகரவரிசை கிடையாது, நில முகவரி தெரிந்தால்தான் முடியும்.

ரயில்வே கம்பெனியிடமோ இன்னொரு விவசாயியிடமோ விலைக்கு வாங்கியிருந்தால் மத்திய அரசிடம் பதிவே இராது. கவுண்டியின் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டும். கட்டமுறை இல்லாத மாநிலங்களில் நிலத்தை முதலில் தந்தது மத்திய அரசு அல்ல. அவற்றுக்கு அந்தந்த மாநிலக் காப்பகம்தான்.

மனைவியோட பிறந்த வீட்டுப் பேரு எங்கேயுமே இல்ல. எல்லாத்துலயும் "மிஸஸ்"னு புருஷன் பேருதான். என்ன பண்றது?

இது எல்லாருக்கும் வரும் முட்டுக்கட்டை. திருமணப் பதிவு முதல் வாய்ப்பு. அது பெரும்பாலும் பெண்ணின் ஊர் இருக்கும் கவுண்டியில்தான் இருக்கும், பண்ணை இருந்த கவுண்டியில் அல்ல. அது இல்லையென்றால் பிள்ளைகளின் இறப்புச் சான்றிதழ்கள். ஒரு பிள்ளையோடு நிறுத்தாமல் எல்லாப் பிள்ளைகளுடையதையும் எடுங்கள். விவரம் சொன்னவர் மருமகளாக இருந்தால் மாமியாரின் பிறந்த வீட்டுப் பெயர் அவருக்குத் தெரியாமல் போயிருக்கலாம், இன்னொரு சான்றிதழில் மகளே சரியாகச் சொல்லியிருப்பார். பிள்ளைகள் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்குக் கொடுத்த விண்ணப்பத்திலும் தாயின் பெயர் உண்டு. சொந்தமாகப் பண்ணை நடத்தியவர்கள் 1955இல்தான் அந்தத் திட்டத்துக்குள் வந்தார்கள் என்பதால், 1936இல் தேடிக் கிடைக்காவிட்டால் 1955ஐ ஒட்டித் தேடுங்கள்.

இவை எதுவும் இல்லாத காலத்துக்கு நிலப் பத்திரமே துணை. கணவன் நிலத்தை விற்றால் அதில் மனைவிக்கு இருந்த டவர் உரிமையை, அதாவது விதவையான பின் வரும் பங்கை, விட்டுத்தர வேண்டும். பல மாநிலங்களில் அதிகாரி அவரைத் தனியே அழைத்து, கணவன் வற்புறுத்தலா என்று கேட்டு எழுதிய பின்பே பத்திரம் செல்லும். அதனால் அவரது சொந்தப் பெயர் அங்கே இருக்கும். வாங்கியவர் அட்டவணையை விட்டு, விற்றவர் அட்டவணையைப் பாருங்கள்.

பிறந்த வீடு தெரிய, திருமணத்துக்கு முந்தைய கணக்கெடுப்பில் கணவன் வீட்டுக்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து வீடுகளைப் படியுங்கள். வண்டி கட்டிப் போகும் தூரத்தில்தான் பெரும்பாலும் சம்பந்தம் நடந்தது. அந்தக் குடும்பங்களின் தகப்பனார்கள் இறந்தபோது எழுதிய புரொபேட் ஆவணங்களை, அதாவது உயிலையும் சொத்தையும் தீர்த்துவைத்த நீதிமன்றத் தாள்களைத் தேடினால், வாரிசு வரிசையில் உங்கள் பாட்டி மாப்பிள்ளை வீட்டுப் பெயரோடு நிற்பார். தகப்பன் நிலத்தைப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஒரு டாலருக்கு ஒரு சகோதரனுக்கு எழுதிக்கொடுக்கும் பத்திரமும் அப்படியே, மகள்களோடு மருமகன்களும் கையெழுத்திடுவார்கள். இன்னும் ஒன்று: ஹோம்ஸ்டெட் சாட்சிகளில் மைத்துனர்கள் இருக்கக்கூடும், அந்தப் பெயர்களையும் சோதியுங்கள்.

கணவர் உள்நாட்டுப் போர்ச் சிப்பாயாக இருந்திருந்தால் விதவை ஓய்வூதியக் கோப்பைக் கட்டாயம் எடுங்கள். திருமணத்தை நிரூபிக்க அவர் கொடுத்த சான்றுகள் அதில் இருக்கும்.

ஒரே கவுண்டியில ஒரே பேர்ல ரெண்டு பேரு இருக்காங்க. எது நம்மாளு?

நிலம் பிரித்துக் காட்டும். இருவருடைய பத்திரங்களையும் வரி ரசீதுகளையும் செக்ஷன் எண்ணோடு இரண்டு தாளில் தனித்தனியே எழுதுங்கள். ஒருவர் நிலம் செக்ஷன் 26, மற்றவருடையது செக்ஷன் 9 என்றால் பழைய நில உடைமை வரைபடத்தில் இரண்டு வீடுகளும் தனியாகத் தெரியும். மனைவியின் முதற்பெயர் பத்திரத்தில் வருவதும் கைகொடுக்கும். பெயருக்குப் பின் சீனியர், ஜூனியர் என்று இருந்தால் உடனே அப்பா, மகன் என்று எழுதாதீர்கள். ஊரில் மூத்தவர், இளையவர் என்று பிரித்துச் சொல்லவும் அப்படி எழுதினார்கள். மாமனும் மருமகனும்கூட இருக்கலாம்.

எல்லிஸ் தீவுல அதிகாரிங்க பேரை மாத்திட்டாங்கன்னு வீட்ல சொல்றாங்க. உண்மையா?

இல்லை. கப்பல் பட்டியல் புறப்பட்ட துறைமுகத்தில் எழுதப்பட்டது, நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்த எல்லிஸ் தீவில் அதைச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். எல்லிஸ் தீவு திறந்ததே 1892இல், பல பண்ணைக் குடும்பங்கள் அதற்கு முன்பே வந்துவிட்டன. பெயரை மாற்றியவர்கள் பெரும்பாலும் குடும்பத்தாரே: ம்யூலர் மில்லர் ஆனார், ட்ஸிம்மர்மன் கார்ப்பென்டர் ஆனார்.

நார்வேக்காரர்கள் என்றால் இன்னும் கவனம். தகப்பன் பெயரோடு "சன்" சேர்ப்பதும், வாழ்ந்த பண்ணையின் பெயரை வைத்துக்கொள்வதும் அவர்கள் வழக்கம். அண்ணன் ஒரு குடும்பப் பெயர், தம்பி ஒரு குடும்பப் பெயர் என்று இருப்பார்கள். அந்தப் பண்ணைப் பெயர் கிடைத்தால் அதிர்ஷ்டம், நார்வேயில் ஊரையே காட்டிக்கொடுத்துவிடும். நார்வேயின் திருச்சபைப் பதிவேடுகள் அந்நாட்டு எண்ணிமக் காப்பகத்தில் இலவசம்.

கறுப்பினத் தம்பதி. 1870க்கு முன்னாடி போகவே முடியல.

அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள் கணக்கெடுப்பில் முதன்முதலாகப் பெயரோடு வருவது 1870இல்தான். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உரிமையாளர் பெயரின் கீழ் வயது, பாலினம், நிறம் போன்றவற்றை எழுதினார்கள், பெயரைப் பெரும்பாலும் எழுதவில்லை. அந்த வெற்று வரிகளுக்கு நடுவில்தான் உங்கள் முன்னோர் இருக்கிறார்கள், அவர்களைப் பெயரோடு மீட்பது நிதானமான வேலை.

கன்சாஸின் நிக்கோடிமஸ் போன்ற ஊரில் நிலம் எடுத்தவர்கள் என்றால், 1877இல் அந்த ஊரை அமைத்தவர்களில் பலர் கென்டகியிலிருந்து வந்தவர்கள். அவர்கள் புறப்பட்டு வந்த கவுண்டியைக் கண்டுபிடித்து, விடுதலை பெற்றவர்களுக்காக 1865 முதல் 1872 வரை செயல்பட்ட அரசு அமைப்பான ஃப்ரீட்மென்ஸ் பீரோவின் கூலி ஒப்பந்தங்களையும் திருமணப் பதிவுகளையும், ஃப்ரீட்மன்ஸ் சேமிப்பு வங்கியின் கணக்குப் பதிவேட்டையும் பாருங்கள். வங்கிப் பதிவேட்டில் பெற்றோர், உடன்பிறந்தோர், பழைய எஜமானர் பெயர்கள்கூட வரும். எஜமானர் பெயர் கிடைத்தபின் அவர் குடும்பத்து உயில்களிலும் சொத்துப் பட்டியல்களிலும் முதற்பெயர்களைத் தேட வேண்டும். விடுதலை பெற்றவர்கள் எல்லாரும் கடைசி எஜமானரின் குடும்பப் பெயரையே வைத்துக்கொண்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

கோர்ட்ஹவுஸ் எரிஞ்சுபோச்சாம். அவ்வளவுதானா?

எல்லாம் எரிவது அரிது. நிலம் வைத்திருந்தவர்கள் கையிலிருந்த பத்திரத்தை மறுபடி கொண்டுவந்து பதிந்திருப்பார்கள், தீக்குப் பிந்தைய தேதியில் தேடுங்கள். மத்திய அரசின் பதிவுகள், திருச்சபை, பத்திரிகைகள் பாதிக்கப்படவில்லை. நாடாளுமன்ற நூலகத்தின் கிரானிக்ளிங் அமெரிக்கா தளத்தில் பழைய பத்திரிகைகள் இலவசம். கவுண்டி எல்லை மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். நிலம் நகராமலே மூன்று கவுண்டிகளில் இருந்திருக்கலாம்.

கல்லறைக் கல்லுல "62 வருஷம் 3 மாசம் 14 நாள்"னு இருக்கு, மிச்சம் படிக்க முடியல.

இறந்த தேதியிலிருந்து கழியுங்கள். 1887 மார்ச் 5இலிருந்து 62 ஆண்டு, 3 மாதம், 14 நாள் கழித்தால் 1824 நவம்பர் 19. தேய்ந்த எழுத்துக்குக் கண்ணாடியால் பக்கவாட்டில் வெயிலைப் பாய்ச்சினால் நிழல் விழுந்து எழுத்து தெரியும். சவரக் குழம்பு, சுண்ணாம்புக்கட்டி, கம்பித் தூரிகை மூன்றும் கல்லைக் கெடுக்கும், தொடவே வேண்டாம். "கன்சார்ட்" என்று பொறித்திருந்தால் கணவனுக்கு முன் இறந்த மனைவி, "ரெலிக்ட்" என்றால் விதவை.

இணையத்துல ஒருத்தர் 1600 வரைக்கும் மரம் போட்டிருக்கார். அப்படியே எடுத்துக்கலாமா?

துப்பாக எடுத்துக்கொள்ளலாம், ஆதாரமாக அல்ல. ஒவ்வொரு இணைப்புக்கும் மூல ஆவணம் காட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். பத்து மரங்களில் ஒரே தகவல் இருந்தால் பத்துப் பேர் கண்டுபிடித்தார்கள் என்று அர்த்தமில்லை, ஒருவரைப் பார்த்து ஒன்பது பேர் நகலெடுத்திருக்கலாம்.

1880ல ஒரு மனைவி, 1900ல வேற பேர்ல ஒரு மனைவி. பிள்ளைங்க யாரோட பிள்ளைங்க?

மேலே சொன்ன இருபது ஆண்டு இடைவெளியில் நடந்தது இது. 1900 வரியை மறுபடி படியுங்கள். "திருமணமாகி 12 ஆண்டு, பெற்ற பிள்ளைகள் 3, இருப்பவர் 3" என்றிருந்து, வீட்டில் 19 வயது மகனும் சேர்த்து நான்கு பிள்ளைகள் இருந்தால், மூத்தவன் முதல் மனைவியின் மகன் என்றே முதலில் கொள்ளுங்கள். இரண்டாம் திருமணம் 1888 வாக்கில்.

நெப்ராஸ்காவுக்கு இங்கே ஒரு நல்ல உதவி உண்டு. அங்கே 1885இல் தனியாக ஒரு கணக்கெடுப்பு நடந்தது, வேளாண் பட்டியலோடு. அதில் முதல் மனைவி இருந்தால் அவர் காலம் 1885க்கும் 1888க்கும் நடுவே முடிந்திருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டுக்கான பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாகப் படிக்கலாம். கணவர் சிப்பாய் என்றால் 1890 போர் வீரர் பட்டியலில் நெப்ராஸ்கா பகுதி தப்பியிருக்கிறது, அதையும் பாருங்கள். அப்புறம் முதல் மனைவியின் தகப்பனாருடைய புரொபேட் கோப்பு. மகள் முன்பே இறந்திருந்தால் அவள் பங்கு அவள் பெற்ற பிள்ளைகளுக்குப் போகும், "இறந்துபோன மகளின் பிள்ளைகள்" என்று ஒவ்வொருவரின் பெயரும் அங்கே எழுதப்பட்டிருக்கும்.